பதினேழாம் நம்பர், பச்சைக் கேட்டு

ஜூலை 8, திங்கள்

மன்னிக்க வேண்டும். இது பாடக்குறிப்பு எழுதுவதற்காகப் பள்ளியில் கொடுத்த நோட்டு. எனக்குத் தவறுதலாக இரண்டு கொடுத்துவிட்டார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கத் தலைமையாசிரியை ஜெயமணி மேடத்தின் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் போனால் ஏன் நேற்றே தரவில்லை என்று கேட்பார்களோ என்று தோன்றியது, போகவில்லை. இப்படியே ஒரு மாதம் ஆகிவிட்டது. இனிமேல் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவைக்கும் அளவுக்கு யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. எனக்கும் நடக்கவில்லை. தாள் வீணாகப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் மேகலா. அந்தியூர் பக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான்தான். இப்போது கோயம்புத்தூர் வடவள்ளியில் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் யூ.கே.ஜி. மிஸ். இருபத்து மூன்று குழந்தைகள். தங்கியிருப்பது மகளிர் விடுதியில்.

குழந்தைகள் முன்னால் என் குரல் வருகிறது. பெரியவர்கள் யாராவது வகுப்புக்குள் தலையை நீட்டினால் நின்றுவிடுகிறது.

ஜூலை 18, வியாழன்

காலையிலிருந்து சாரல். வேனில் வரும் குழந்தைகள் எல்லாரும் காய்ந்த சட்டையோடு வந்தார்கள். தன்ஷிகா மட்டும் நனைந்து வந்தாள். அவள் அம்மாவோடு நடந்து வருகிற குழந்தை. அம்மா பெயர் சுகந்தி. மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றுகிறார். மகள் தலையில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துவிட்டு, தான் முழுக்க நனைந்து நின்றார்.

"மிஸ், துண்டு இருந்தா இவ தலையச் சித்த தொடச்சு உட்டுருங்க. ஊடு பக்கந்தானே, ஓடியாந்தரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள புடிச்சிருச்சுங்க."

தலையாட்டினேன். அந்த அக்கா பேசும்போது எப்போதும் வலது காதை நம் பக்கம் திருப்பிக்கொள்கிறார். விரல் நுனிகளில் செம்புக் கம்பி இழுத்த கோடுகள்.

தன்ஷிகாவின் ரிப்பனைக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று ஸ்டாஃப் மீட்டிங். கடைவீதியில் தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் எல்லாக் குழந்தைகளும் வீட்டு விலாசத்தைச் சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். "தொலஞ்சா பேரு சொல்லத் தெரியுது, அப்பா பேரு கேட்டா 'அப்பா'ங்குது. விலாசம் கேட்டா 'எங்க வீடு'ங்குது. என்னத்தக் கொண்டு போயிச் சேக்கறது?"

வகுப்பில் சொல்ல வைத்துப் பார்த்தேன். கதவு எண்ணும் தெருவும் அவர்களுக்கு ஒட்டவே இல்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, எங்கள் ஊரில் கும்மிக்குக் கை தட்டுகிற மாதிரி தட்டி, கிஷோரின் விலாசத்தை அதில் ஏற்றிப் பாடினேன். மூன்றாம் முறை அவனே பாடினான். நான்காம் முறை வகுப்பே பாடியது. இப்போது இருபத்து மூன்று பேருக்கும் கிஷோர் வீடு தெரியும்.

பேபி அக்கா (எங்கள் ஆயா, ஐம்பது வயதாகிறது, பெயர் பேபி) கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மிஸ், என்ற ஊட்டுக்காரருக்கும் ஒரு பாட்டுக் கட்டிக் குடுங்க. ஆறு மணிக்கு மேல அந்த மனுசனுக்கு ஊடு எங்க இருக்குதுன்னே தெரிய மாட்டேங்குது."

ஆளுக்கொரு பாட்டு. மெட்டு ஒன்றே, வீடு மட்டும் வேறு. அப்படித்தான் செய்யப்போகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெற்றோர் எல்லாரையும் போனில் கூப்பிட்டு விலாசத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார் மேடம். போன் பேசுவது எனக்கு மலை ஏறுவது மாதிரி. நான்கு பேரைக் கூப்பிட்டேன். கிஷோரின் அப்பா, "நம்பரெல்லாம் எதுக்குங்க மிஸ், ஒயின்ஷாப் எதுத்த சந்துன்னு பாட்டுல போடுங்க, ஆட்டோக்காரன் கண்ண மூடிட்டு வந்துருவான்" என்றார். இன்னொருவர் நீங்கள் யார், எந்தக் கம்பெனி, லோன் வேண்டாம் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

மீதி பத்தொன்பது பேருக்கும் அட்மிஷன் ரெஜிஸ்டரிலிருந்தே எடுத்துக்கொண்டேன். ஆதாரைப் பார்த்து எழுதியது. அதில் தவறு இருக்குமா என்ன?

செப்டம்பர் 11, புதன்

தன்ஷிகாவின் பாட்டு முடிந்தது. எல்லாவற்றிலும் இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

பதினேழாம் நம்பருங்க, பச்சக் கேட்டு வீடுங்க
பஞ்சு மில்லு வீதியில மூணாவது சந்துங்க
சிங்காநல்லூர் ஊருங்க, சித்த நின்னு கேளுங்க
தன்ஷிகாங்கற பொண்ணக் கொண்டு வீட்டுல விடுங்க

கேட்டின் நிறம் ரெஜிஸ்டரில் இல்லை. அடையாளத்துக்கு ஒரு நிறம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்கிறேன். "உங்க வீட்டுக் கேட்டு என்ன கலர்?" என்றேன். "எந்த வீட்டுக் கேட்டு மிஸ்?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வீட்டுக் கேட்டுதான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பச்ச" என்றாள்.

சிங்காநல்லூர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. பேபி அக்காவிடம் கேட்டேன். டவுனைத் தாண்டி, பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகுமாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

தன்ஷிகா முதல் அடியிலேயே நின்றுவிடுகிறாள். பத்து முறை பாட வைத்தேன். சரியாகிவிட்டது.

அக்டோபர் 9, புதன்

மேடம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் குரல் வந்திருக்காது. உள்ளே வந்து, "மேகலா, ஊமைன்னு நெனச்சனே உன்னய!" என்றார். குழந்தைகள் தினத்துக்கு யூ.கே.ஜி.யின் விலாசக் கும்மி. முன்னால் நின்று பாடப்போவது தன்ஷிகா. அவளுக்குத்தான் சுருதி நிற்கிறது.

ஊரில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் செங்கல் சூளையில் இருந்தார். "எல்லாரு முன்னாடியும் நீ பாட்டுச் சொல்லித் தர்றியா?" என்று மூன்று முறை கேட்டார். அருகில் இருந்த யாரிடமோ, "எம்புள்ளைங்க, டீச்சரு" என்று சொல்வது கேட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

மாலை குழந்தைகளை அழைத்துப்போக வந்திருந்த கூட்டத்தில் சுகந்தி அக்காவும் இருந்தார். வழக்கமாகப் பேபி அக்கா ஏழு மணி வரை தன்ஷிகாவை வைத்திருப்பார். இன்று சுகந்தி அக்கா வேலையிலிருந்து நேரத்தோடே வந்திருக்கிறார். பாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பதில் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

இருபத்து மூன்று பேரும் பாடிவிட்டார்கள். பட்டியலில் இருபத்து மூன்று டிக். பொங்கலுக்குப் பிறகு போன் நம்பர் பாட்டு தொடங்க வேண்டும். இப்போதைக்குப் பத்து எண் சேர்ந்தாற்போல அவர்களுக்கு வராது.

அக்டோபர் 29, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் மேடம் நாளிதழை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். உள்ளூர்ப் பக்கத்தில், நடுவில், பெட்டிச் செய்தி. "பாட்டுப் பாடி வீடு சேர்ந்த சிறுமி." ஞாயிற்றுக்கிழமை மாலை ஒப்பணக்காரத் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் தொலைந்த ஐந்து வயதுக் குழந்தை, போலீஸ் உதவி மையத்தில் தன் விலாசத்தைப் பாட்டாகவே பாடிக் காட்டியதாம். ஒரு காவலர் ஜீப்பில் அழைத்துச் சென்று அப்பாவிடம் ஒப்படைத்தாராம். படத்தில் தன்ஷிகா. பின்னால் பச்சைக் கேட்டு. நன்றாகத் தேய்த்த சட்டை போட்ட ஒருவர் அவளைத் தூக்கி வைத்திருந்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது, பாடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தது போல. கடைசி வரியில், "பாட்டைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை மேகலாவுக்குப் பாராட்டுகள் குவிகின்றன."

என் பெயர். அச்சில். தேர்வு முடிவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மேடம் ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். எல்லா வகுப்புக்கும் கொடுத்தோம். லீவு விடப்போகிற மகிழ்ச்சி வேறு, குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்கூடச் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்குச் சுகந்தி அக்கா வந்தார். தனியாக. தலை வாரவில்லை. மேடம் தட்டோடு எதிரே போனார். "வாங்க வாங்க, உங்க பொண்ணாலதான் இன்னிக்கு எங்களுக்குப் பேரு" என்று ஒரு ஜிலேபியை எடுத்துக் கையில் வைத்தார். அக்கா வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. கீழேயும் போடவில்லை. பாகு விரலில் இறங்கி மணிக்கட்டு வரை வழிந்தது.

"மிஸ், அது அவங்கப்பா ஊடுங்க" என்றார் என்னிடம். "நாங்க அங்க இல்லீங்க. அங்கிருந்து நானும் புள்ளையும் தப்பிச்சு வந்து ஒன்றரை வருசமாச்சு."

மேடத்தின் கையில் தட்டு அப்படியே இருந்தது. பின்னால் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இன்னொரு ஜிலேபி கேட்டு அழுதுகொண்டிருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊரில் இருக்கிறேன். அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். டீக்கடை, சூளை, கோயில், எங்கே போனாலும் எடுத்துக் காட்டுகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் அவர். என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். விரலை அங்கே வைக்கிறார்.

சொல்லவில்லை.

நவம்பர் 4, திங்கள்

சுகந்தி அக்கா மறுபடி வந்தார். பள்ளியில் சேர்த்ததற்கான சான்று கேட்டு, வக்கீலுக்காக. மேடம் இல்லை. வகுப்பு முடியும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். அப்போது சொன்னார், நான் கேட்காமலே.

"எடது கையப் புடிச்சிட்டுத்தான் வந்தா. ஒரு கையில பை. எங்கயோ கை நழுவிப் போச்சு. கூப்புட்டிருப்பா மிஸ். எனக்கு அந்தப் பக்கம் கேக்காதுங்க. அவரு அடிச்சதுல போன காது."

மைக்கில் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறார்கள். அந்த இரைச்சலில் அவருக்கு எட்டவில்லை. தெருவின் ஒரு முனையிலிருந்த போலீஸ் உதவி மையத்துக்கு ஓடி, அங்கிருந்து மறுமுனை மையத்துக்கு ஓடி வந்தபோது, ஒரு போலீஸ்காரர், "பாட்டுப் பாடுச்சும்மா, ஊட்டுலயே கொண்டுபோயி உட்டாச்சு, சந்தோசமாப் போங்க" என்றாராம். எந்த வீடு என்று அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். பஸ் பிடித்துச் சிங்காநல்லூர் போயிருக்கிறார். கேட்டுக்குள்ளிருந்து அவர் கணவர், "புள்ளையத் தொலைக்கறவளுக்கு எதுக்குடி புள்ள?" என்றாராம். மறுநாள் பத்திரிகைக்காரர்களை அவரே கூப்பிட்டிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில், "பெத்த அப்பங்கிட்டத்தான இருக்குது, கடத்தலா என்ன? கோர்ட்டுக்குப் போம்மா" என்றார்களாம்.

"பாத்து ஒளிஞ்சு இருந்தனுங்க. எங்கயும் அட்ரஸ் குடுக்கல. இங்க சேக்கறப்பவும் ஆபீஸ்ல, இப்ப அங்க இல்லீங்கன்னேன். ஆதார்ல என்ன இருக்கோ அதுதான்னு எழுதிக்கிட்டாங்க. அதுவும் நல்லதுக்குத்தான், இங்க இருக்கறது தெரியாமப் போகட்டும்னு உட்டுட்டேன்."

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 15 அன்று நான் எழுதியது அரைகுறை. நடந்தது இது. கேட்டருகே பத்துப் பதினைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள். சுகந்தி அக்கா என் அருகில் வந்து மெதுவாக, "மிஸ், அவளுக்கு அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்தார். "வேண்டாமுங்க" என்று மறுபடி சொன்னார். அவள்தான் முன்னால் நிற்கப்போகிறவள். அவள் இல்லாவிட்டால் கும்மி இல்லை. மேடத்திடம் நான் போய் என்ன சொல்வது? என் பாட்டு மட்டமாக இருக்கிறது என்கிறாரோ என்றும் தோன்றியது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரியவர்கள் முன்னால் என் குரல் உரக்க வந்தது. "வீட்டு அட்ரஸ் கூடத் தெரியாம வளந்து நாளைக்குப் புள்ள தொலஞ்சா யாருங்க பொறுப்பு?" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிஷோரின் அப்பா, "அதுதான, மிஸ் சொல்றது சரி" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மகளை அழைத்துப் போனார்.

பேச வந்தவர் பேச முடியாமல் திரும்பிப் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நவம்பர் 10, ஞாயிறு

சுகந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து நடந்து ஆறு நிமிடம். கீழே ஹவுஸ் ஓனர், ஒரு நாய். வெளியே இரும்புப் படி, மேலே ஒற்றை அறை. கேட்டே இல்லை. தெருவிலிருந்து நேராகப் படிதான்.

தன்ஷிகாவின் சீருடை துவைத்துக் கொடியில் கிடந்தது. திங்கட்கிழமைக்கு என்று துவைத்தாராம், பழக்கத்தில்.

நவம்பர் 14, வியாழன்

கும்மி நடந்தது. நாளிதழைப் படித்துவிட்டுப் பலர் வந்திருந்தார்கள். வேறொரு குழந்தை முன்னால் நின்றது. நான் மேடைக்குப் பின்னால் தாளம் தட்டினேன். கைதட்டல் வந்தது.

டிசம்பர் 12, வியாழன்

இன்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிட்டார்கள். சுகந்தி அக்கா மாலை வந்து சொன்னார். இலவச சட்ட உதவியில் அவருக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார். சாந்தகுமாரி என்று பெயர்.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாராம். பிஸ்கட் கொடுத்தாராம். "பாப்பாவுக்கு வீடு எங்க?" என்று கேட்டிருக்கிறார். தன்ஷிகா எழுந்து நின்று, கையைத் தட்டி, நான்கு அடியையும் பாடியிருக்கிறாள்.

"ஒரு எடத்துலயும் நிக்கல மிஸ். நல்லாத்தான் பாடுனா" என்றார் அக்கா.

அவர் கணவரின் வக்கீல் அதன் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. குழந்தை எப்போதும் சிங்காநல்லூரில்தான் இருந்தது, அங்கிருந்துதான் பள்ளிக்குப் போய் வந்தது, பள்ளி ரெஜிஸ்டரைப் பாருங்கள், அம்மா கடைக்கு அழைத்துப்போய்க் கூட்டத்தில் விட்டுவிட்டாள் என்றாராம். இப்போதைக்கு அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவு. மாதம் ஒரு முறை, இரண்டாம் சனிக்கிழமை, நீதிமன்றத்திலேயே குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் அம்மா பார்க்கலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

ரைம்ஸ் வகுப்பைப் பேபி அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தொண்டை சரியில்லை என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஊருக்குப் போகவில்லை. சுகந்தி அக்கா அறைக்குப் போனேன். பச்சரிசி மாவில் ஏதோ செய்து சம்படத்தில் சனிக்கிழமை எடுத்துப் போயிருக்கிறார். பாதி திரும்பி வந்திருந்தது. அதை எனக்குக் கொடுத்தார்.

"முடிய வெட்டிப்போட்டாங்க மிஸ். பராமரிக்க ஆளில்லயாம். எளச்சிருக்குறா. மொத அர மணி நேரம் மடிக்கே வரல. அங்கிருந்தே என்னயப் பாத்துட்டு இருந்தா. அப்புறம் பக்கத்துல வந்து, என்ற வலது காதுல, 'அம்மா, நான் தப்பாப் பாடிட்டனா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்ல சாமின்னேன். வேற என்னத்தச் சொல்றது?"

இரண்டு மணி நேரம் முடிந்து அவளை அழைத்துப் போனபோது அவள் அழவில்லையாம். கதவருகே நின்று, "சரியாப் பாடுனா அடுத்த வாட்டி உங்கூட வரலாமா?" என்று கேட்டாளாம்.

அந்தப் பலகாரத்தை மிச்சம் வைக்காமல் விழுங்கினேன்.

பிப்ரவரி 5, புதன்

வக்கீலம்மா பள்ளி முடிந்து என்னைச் சந்தித்தார். டீக்கடை பெஞ்சில்தான் பேசினோம். அடுத்த விசாரணை 17ஆம் தேதி. குழந்தை அம்மாவோடுதான் வாழ்ந்தது என்பதற்கு ஏதாவது வேண்டும் என்றார். வாடகை ஒப்பந்தம் இல்லை. ஹவுஸ் ஓனர், "எனக்கெதுக்குங்க வம்பு" என்று சொல்லிவிட்டாராம். பள்ளிப் பதிவேடு முழுக்கச் சிங்காநல்லூர்.

"தேதி போட்டு ஏதாச்சும் இருக்கா மேகலா? லீவு லெட்டர், வாட்ஸ்அப், எதுன்னாலும். எந்த நாள், யாரு கொண்டாந்து விட்டா, எப்படி வந்தான்னு?"

இல்லை என்றேன். கைப்பையில் இந்த நோட்டு இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். "வக்கீலோட டீக்கடையில பேசிட்டு இருந்தியாம், கோர்ட்டுக்குப் போறியாமா? இங்க பாரு மேகலா, ரெஜிஸ்டர்ல தப்புன்னு ஆயிருச்சுன்னா நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும். நான் போன் பண்ணிக் கேக்கச் சொன்னனா இல்லையா? கேட்டியா நீ?"

கேட்கவில்லை என்றேன்.

"அப்பறம்? அந்தக் கதையெல்லாம் நீயே போயிச் சொல்லப் போறியா? போனா இங்க வேல இல்ல. மிரட்டறேன்னு நெனைக்காத. எனக்கும் வேற வழியில்ல, நூத்தி எம்பது புள்ளைங்க இருக்குது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். பேபி அக்கா வராந்தாவில் குழந்தை ஒன்றுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "மழை அன்னிக்கு நனஞ்சு வந்தாளே அந்தப் புள்ள, நீங்கதான தலையத் தொவட்டி உட்டீங்க" என்றார். அடுத்த ஷூவை எடுத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுகந்தி அக்கா, இந்தப் பக்கம் உங்களுக்கு.

நாளைக் காலை இந்த நோட்டை வக்கீலம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். போனில் சொல்லிவிட்டேன்; நானே கூப்பிட்டேன். இதெல்லாம் செல்லுமா என்று அவருக்கே உறுதியில்லை, ஆனால் அன்றன்றைக்கு எழுதியது என்பதால் நீதிபதி கேட்டுப் பார்ப்பார் என்கிறார். ஜூலையில் தன்ஷிகா உங்களோடு நடந்து வந்தாள் என்று ஜூலையிலேயே எழுதியிருக்கிறேன். கூண்டில் ஏறச் சொன்னால் ஏறுவேன். அங்கே என் குரல் வராமல் போகலாம். வராவிட்டால் இதை அவர்களே படித்துக்கொள்ளட்டும். வேலையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லிவிடுவேன்.

அவர்கள் படிப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துவிட வேண்டும். அதனால்தான் இன்று மாலையே உங்கள் அறைக்கு எடுத்து வருகிறேன். அக்டோபர் 15 உங்களுக்கே தெரியும். அக்டோபர் 1 தெரியாது. அந்தத் தேதியில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். நடந்ததை எழுதவில்லை. எழுதினால் படிக்க வேண்டியிருக்கும் என்று எழுதவில்லை.

அன்று முதல் அடியில் அவள் நின்றபோது மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் கூப்பிட்டேன். அவள் தெளிவாகச் சொன்னாள், அக்கா. "மிஸ், இது எங்க வீடு இல்ல. இது அப்பா வீடு. எங்க வீட்ல கேட்டு இல்ல, படிதான் இருக்கு. கீழ நாய் இருக்கு."

"ரெஜிஸ்டர்ல இப்படித்தான் இருக்கு, சமத்தாப் பாடு" என்றேன்.

"அப்ப அங்க போகணுமா மிஸ்?" என்று கேட்டாள். பயந்துதான் கேட்டாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தெரிந்தும் இருந்தது. உங்களிடம் கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்களோ, எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போகுமோ என்று விட்டுவிட்டேன். அவளிடம், "போகவெல்லாம் வேண்டாம். எங்கயாச்சும் தொலஞ்சு போனா மட்டும் இதப் பாடினாப் போதும்" என்றேன்.

பிறகு பத்து முறை பாட வைத்தேன். பத்தாவது முறை நிற்காமல் பாடினாள். புறங்கையில் ஒரு ஸ்டார் ஒட்டினேன். அது விழாமலிருக்க அன்று முழுக்க அந்தக் கையை மூடாமல் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் தொலைந்ததும் நான் சொன்னபடியே செய்திருக்கிறாள்.

இதைப் படித்த பிறகு நீங்கள் என்னோடு பேச வேண்டும் என்று கேட்க மாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் உங்கள் சுபாவத்துக்கு, "உடுங்க மிஸ்" என்று சொல்லிவிடுவீர்கள். நாளைக்கு என்ன உத்தரவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எது வந்தாலும் ஒன்று கேட்க வேண்டும் என்று போகிப் பண்டிகையிலிருந்து உள்ளேயே வைத்திருக்கிறேன். நேரில் வாய் வரவில்லை.

தன்ஷிகா உங்களிடம் கேட்டாளே, தப்பாகப் பாடிவிட்டேனா என்று. "இல்ல சாமி" என்று சொன்னீர்கள். அவள் நம்பியிருக்க மாட்டாள், அக்கா. தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். யாருடையது என்றுதான் தெரியாது, அதனால் தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு ஆளைக் காட்டுங்கள். அவள் எந்த வீட்டில் இருந்தாலும், அடுத்த முறை பார்க்கும்போதே காட்டிவிடுங்கள். பெரியவளாகட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். நீ சரியாகத்தான் சொன்னாய், கண்ணு, மேகலா மிஸ்தான் கேட்கவில்லை என்று, என் பெயரைச் சொல்லியே, அவளிடம் சொல்லிவிடுங்கள்.